தள்ளாட்டத்துக்கு வயது வரம்பு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் தடுக்கி விழாமல் காப்பது பற்றி உங்கள் நாளிதழ் அடிக்கடி எழுதுகிறது. அவசியமான எழுத்து. ஆனால் நாற்பது வயதில் சுவரைப் பிடித்து நடப்பவர்களும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். கொவிட் வந்து போன பிறகு உடல் பழையபடி ஆகாதவர்கள் அவர்கள். என் தங்கை அவர்களில் ஒருத்தி. 2022 தொடக்கத்தில், ஓமிக்ரான் அலையின்போது, அவளுக்குத் தொற்று கண்டது. காய்ச்சல் சில நாளில் விட்டுவிட்டது. தள்ளாட்டம் இன்னும் விடவில்லை.

2023 பிப்ரவரி 13 அன்று சிங்கப்பூரின் நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை மிகக் குறைந்த படியான பச்சைக்கு மாறியது. கொவிட் அன்றோடு ஒழிந்தது என்று நம்மில் பலர் முடிவு கட்டிவிட்டோம். அதற்கு முன்பே, 2021 அக்டோபரில், உலகச் சுகாதார நிறுவனம் நீண்டகால கொவிட்டுக்கு வரையறை தந்திருந்தது: தொற்று தொடங்கி மூன்று மாதம் கழித்தும் இருக்கின்ற, குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கின்ற, வேறு நோய் எதுவும் காரணமாகாத தொல்லைகள். களைப்பும் மூச்சுத்திணறலும் ஓரளவு எல்லாருக்கும் தெரியும். தலைசுற்றலையும் கால் தடுமாறுவதையும் பற்றித்தான் பேச்சே இல்லை.

தெரியாததால் அறிவுரைகள் வந்து குவிகின்றன. "வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இப்படித்தான். காலையில் எழுந்து பூங்காவில் ஒரு சுற்று நட, எல்லாம் சரியாகும்" என்று பெரியம்மா முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை சொல்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அன்பு அவளைப் படுக்கையில் தள்ளுகிறது. நீண்டகால கொவிட் உள்ளவர்கள் பலருக்கு, சக்திக்கு மீறி உழைத்தால் அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடல் மொத்தமாகச் சாய்ந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போவது தவறு, உழைப்பையும் ஓய்வையும் பங்கிட்டுக்கொள்ளக் கற்றுத்தர வேண்டும் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டலின் சாரம். இது சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களிடம் நான் இனி பொறுமை காட்டப் போவதில்லை.

தடுமாற்றம் மனப்பிரமை அல்ல. நாம் எழுந்து நின்றவுடன் அரை லிட்டருக்கும் அதிகமான இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. நரம்புகள் உடனே இரத்தக் குழாய்களைச் சுருக்கி அதை மேலே அனுப்ப வேண்டும். கொவிட்டுக்குப் பிறகு சிலருக்கு இந்த வேலை ஒழுங்காக நடப்பதில்லை. இரத்த அழுத்தம் அவ்வளவாக இறங்காமலே, எழுந்து நின்ற பத்து நிமிடங்களுக்குள் நாடித்துடிப்பு இருந்ததைவிட நிமிடத்துக்கு 30 துடிப்போ அதற்கு மேலோ கூடிவிடும். கண் இருட்டும், கால் நடுங்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். படுக்க வைத்து ஒருமுறை, பிறகு நிற்க வைத்துப் பத்து நிமிடம் வரை நாடியையும் இரத்த அழுத்தத்தையும் அளந்தால் போதும். என் தங்கைக்கு இந்தச் சோதனையைச் செய்ய வெகுநாள் யாருக்கும் தோன்றவில்லை. இரத்தப் பரிசோதனை முடிவுகள் நன்றாக இருக்கின்றன என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

வேறு சிலருக்குக் கோளாறு சமநிலையிலேயே இருக்கிறது. உட்செவி, கண், பாதங்களிலிருந்து வரும் உணர்வு ஆகிய மூன்றையும் மூளை ஒன்று சேர்த்தால்தான் நாம் நேராக நிற்க முடியும். இவற்றில் ஒன்று பிசகினாலும் இருட்டிலும் கூட்டத்திலும் தரை நழுவுவது போல் இருக்கும். சிராங்கூன் சாலையின் ஐந்தடி நடைபாதைகளில் கடைக்குக் கடை தரையின் உயரம் மாறுகிறது. சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் அந்தப் படிகளை ஏறி இறங்குவது இவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது நடந்து பார்க்கும்வரை எனக்கும் விளங்கவில்லை. கோயிலில் பிராகாரம் சுற்றி வந்தால் தலை சுற்றுகிறது. தீபாராதனை முடியும்வரை நிற்க முடிவதில்லை. இப்போது அவள் தூணோரம் நாற்காலி போட்டுக் கும்பிடுகிறாள். யாராவது முறைத்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நம் ஊர் வெயிலும் உதவுவதில்லை. சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிவதால் தடுமாற்றம் கூடுகிறது.

நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டில் அறிமுகமான கிரீன் மேன் பிளஸ் திட்டம் அருமையானது. சாலைச் சந்திப்பில் சலுகை அட்டையைத் தட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி வரை பச்சை விளக்கு கூடுதலாக எரியும். ஆனால் அது மூத்தோருக்கும் உடற்குறையுள்ளோருக்கும் உரிய அட்டை. பாதிச் சாலையில் கால் பின்னிக்கொள்ளும் நாற்பது வயதுக்காரிக்கு அந்த வினாடிகள் இல்லை. மருத்துவர் கடிதம் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தற்காலிக அட்டை தரலாமே. குணமானால் திருப்பித் தந்துவிடட்டும்.

எம்ஆர்டி ரயிலிலும் பஸ்சிலும் இருக்கை வேண்டுவோர் அணிந்துகொள்ள ஒட்டுவில்லை தருகிறார்கள். அதை அணிந்தவர் இளமையாகத் தெரிந்தால் பலர் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்த்துவதில்லை. தயவுசெய்து எழுந்து இடம் கொடுங்கள். காரணம் கேட்காதீர்கள், ஓடும் பஸ்சில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நோயின் கதையைச் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை.

இதே தொல்லையோடு வீட்டில் முடங்கியிருக்கும் வாசகர்கள் இருந்தால், பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது "நிற்க வைத்து நாடி பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். சமநிலைப் பயிற்சி தரும் இயன்முறை மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். கைத்தடி வாங்க வேண்டியிருந்தால் வாங்கிவிடுங்கள். "இந்த வயதில் கைத்தடியா?" என்று முதலில் கேட்டவர் எங்கள் அம்மாதான். இப்போது வெளியே கிளம்பும்போது அதை எடுத்துக் கையில் கொடுப்பவரும் அவரே.

இப்படிக்கு,
வாசகி,
ஈசூன்