சருகுக்குத் தீ வைக்காதீர்கள்: எங்கள் நகர்க் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், நிர்வாகிகள் அனைவருக்கும் வணக்கம்.

மாசி பிறந்ததும் நம் தெருக்களில் வேம்பும் புங்கனும் இலை கொட்ட ஆரம்பித்துவிடும். விடியற்காலையில் பெருக்கிக் குவிப்பார்கள். ஏழு மணிக்குள் தீ வைத்துவிடுவார்கள். பெருக்கும் அம்மாக்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நாம் சொன்னதைத்தான் செய்கிறார்கள். அந்தப் புகையை முதலில் மூச்சில் இழுப்பவர்களும் அவர்கள்தான். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

சருகு யாருடைய சாப்பாடு என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புல், மான், புலி என்று பள்ளியில் உணவுச்சங்கிலி படித்தோம். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் போய்ச்சேரும் என்றும் படித்தோம். அந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்ட ரேமண்ட் லிண்டமன் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்தவர். 1942-ல் தன் கட்டுரை அச்சாகும் முன்பே, 26 வயதில் இறந்துபோனார். ஏரியில் யார் யாரைத் தின்கிறார்கள் என்று அவர் வரைந்த படத்தின் நடுவில் மீன் இல்லை. செத்தவை மக்கும் சேறு இருந்தது. நிலத்திலும் இதே கதைதான். விளையும் தாவரப் பொருளில் ஏறத்தாழ 90 சதவீதம் பச்சையாக யார் வாய்க்கும் போகாமல் காய்ந்து மண்ணுக்கு வருகிறது.

முதலில் பூஞ்சை இழைகள் இலைக்குள் நுழையும். ஊறி மென்மையானதை மரவட்டை கொறிக்கும், மண்புழு மண்ணுக்குள் இழுக்கும். கரையான் சருகைத் தின்று, அந்தக் கழிவின்மேல் புற்றுக்குள்ளேயே காளான் வளர்க்கும். மழைக்குப் பின் நாம் தேடிப் பறிக்கும் புற்றுக்காளான் அங்கிருந்து வருவதுதான். அப்புறம் தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைப் புரட்டிக்கொண்டு வரும், அரணை வரும். துடைத்துவிட்ட தரையில் அவற்றுக்கு என்ன கிடைக்கும்?

மட்குக் குவியலுக்குள் கையை விட்டால் சுடும். நன்றாகப் போட்ட குவியலில் 60 டிகிரி வரைகூட ஏறும். வேம்பின் இலை பிடித்து வைத்த வெயில், நுண்ணுயிர்கள் அதைத் தின்று மூச்சுவிடும்போது வெப்பமாக வெளியேறுகிறது. போன ஆற்றல் திரும்பி வராது, சரி. ஆனால் போகிற வழியில் எத்தனை உயிருக்குச் சோறு போட்டுவிட்டுப் போகிறது! தீ வைத்தால் அதே ஆற்றல் பத்து நிமிடத்தில், ஒரு புழுவுக்குக்கூட உதவாமல் போய்விடுகிறது.

சத்துகள் அப்படியில்லை, அவை மண்ணுக்கும் மரத்துக்கும் திரும்பத் திரும்ப வரக்கூடியவை. நைட்ரஜனைத் தழைச்சத்து என்றும் பொட்டாசியத்தைச் சாம்பல்சத்து என்றும் நம் விவசாயிகள் சொல்வார்கள். தழையை எரித்தால் தழைச்சத்தில் பெரும்பங்கு புகையோடு போய்விடும். சாம்பல்சத்து மிஞ்சும், அதையும் காற்றும் முதல் மழையும் கொண்டுபோய்விடும். அப்புறம் பூங்காவுக்கு யூரியா மூட்டை வாங்குகிறோம். எனக்கு மனது ஆறாத இடம் இதுதான்.

பாம்பு வரும், கரையான் வீட்டுக்குள் ஏறும், கொசு பெருகும் என்று கூட்டத்தில் சிலர் சொன்னீர்கள். நியாயமான பயம். சுவரை ஒட்டியும் மரச்சாமான் பக்கத்திலும் சருகைக் குவிக்க வேண்டாம். கொசுவுக்குத் தேங்கிய தண்ணீர் வேண்டும். சருகோடு கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையையும் பிளாஸ்டிக் கப்பையும் பொறுக்கிவிட்டால் போதும். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே உத்தரவிட்டதையும் நினைவில் வையுங்கள்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. பூங்காவில் மேல்நிலைத் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் சும்மா இடத்தில் இரண்டு குழி தோண்ட அனுமதி கொடுங்கள். ஒன்று நிரம்பும்போது மற்றதில் மக்கிக்கொண்டிருக்கும். சருகு ஒரு அடுக்கு, காய்கறிக் கழிவு ஒரு அடுக்கு, மேலே கொஞ்சம் சாணிக் கரைசல், பிழிந்த துணி அளவுக்கு ஈரம். மிச்சச் சருகை மரத்தடிகளிலேயே, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்பலாம். மரத்தைச் சுற்றி இறுக்கிப் போட்ட சிமெண்டை ஓரடியாவது உடைத்துவிட்டால்தான் சருகு மண்ணைத் தொடும்.

குழி தோண்டவும் வாரம் ஒருமுறை கிளறவும் நான் வருகிறேன். எங்கள் தெருவில் இன்னும் நான்கு வீட்டில் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். தை முடிவதற்குள் குழி தயாராக இருக்க வேண்டும்.

அன்புடன்,
மூன்றாம் குறுக்குத் தெருவிலிருந்து ஒரு குடியிருப்பாளர்