காட்பாடிக் கூட்டத்தில் பேசிய மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

போன ஞாயிறு காட்பாடித் தெருமுனைக் கூட்டத்தில் நீ பேசியதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். குரல் கணீரென்று இருந்தது, அப்படியே உன் அம்மா குரல். மூன்று இடத்தில் நல்ல கைத்தட்டல். ராணுவத்தில் நாலு வருஷம் மட்டும் வேலை தரும் அக்னிபத் திட்டத்தை எடுத்துவிடுவோம் என்றபோது, எல்லாருக்கும் பழைய பென்ஷன் என்றபோது, கேஸ் விலையைப் பாதியாக்குவோம் என்றபோது. நான் மூன்றாவதுக்கு மட்டும் தட்டினேன். அதுவும் பக்கத்து நாற்காலிக்காரர் முறைத்ததால்தான்.

நேரில் சொன்னால் "மாமா, அது மேடைப் பேச்சு" என்று சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவாய். தனியாக எழுதினால் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய். அதனால் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

31 வருஷம் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் நான். குடியாத்தத்தில் இருந்தபோது பீடி சுற்றும் பெண்கள் கூலி வாங்கிய கையோடு ஆர்.டி., அதாவது மாதாமாதச் சேமிப்பு, கட்ட வருவார்கள். ரூபாய் நோட்டிலேயே புகையிலை வாசனை இருக்கும். "சார், இந்தப் பணத்தை எங்க வைப்பீங்க?" என்று ஒரு அம்மா கேட்டார். கவர்ன்மென்ட்ல பத்திரமா இருக்கும்மா என்றேன். அந்தப் பணம் தேசிய சிறுசேமிப்பு நிதிக்குப் போய், அங்கிருந்து இந்திய உணவுக் கழகத்துக்குக் கடனாகப் போன கதை எனக்கே பிறகுதான் தெரிந்தது.

ரேஷன் அரிசிக்கும் கோதுமைக்கும் ஆகிற மானியத்தை மத்திய அரசு உணவுக் கழகத்துக்குக் கொடுக்க வேண்டும். முழுசாகக் கொடுத்தால் பட்ஜெட்டில் பற்றாக்குறை பெரிதாகத் தெரியும். அதனால் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்குச் சிறுசேமிப்பு நிதியில் கடன் வாங்கிக்கொள் என்று விட்டுவிட்டார்கள். கடன் உணவுக் கழகத்தின் பெயரில், அரசின் கணக்கு சுத்தம். 2016-17 கணக்கைப் பார்த்த தலைமைத் தணிக்கையாளர் இதைச் சுட்டிக்காட்டினார். அப்போதும் நிற்கவில்லை. கடைசியில் 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் அந்தக் கடனைக் கணக்குக்குள் கொண்டுவந்தார். 2020-21க்கு 1.15 லட்சம் கோடி என்று போட்டிருந்த உணவு மானியம் 4.22 லட்சம் கோடியாக எகிறியது. கொரோனாவில் கொடுத்த இலவச தானியமும் அதில் சேர்த்தி, ஆனால் பெரும்பகுதி பழைய பாக்கி. கொரோனாவால் பற்றாக்குறை எப்படியும் மேலே போன வருஷம் அது. கல்யாணக் கடனோடு கடனாகப் பழைய காதுகுத்துக் கடனையும் எழுதிவிடுவார்களே, அந்த மாதிரி. இருந்தாலும் எழுதினாரே, அதற்கு நான் அவரைப் பாராட்டித்தான் பேசினேன். ரேஷன் யாருக்கும் குறையவில்லை, பீடிக்காரம்மாவின் பணமும் வட்டியோடு திரும்பியது. எனக்கு உறுத்துவது, இத்தனை வருஷம் சொல்லாமல் விட்டதுதான்.

காங்கிரஸ் காலத்திலும் இதே வேலை நடந்தது. 2005 முதல் 2010 வரை பெட்ரோல், டீசல், கேஸ் விலையை ஏற்றாமல் இருக்க எண்ணெய் நிறுவனங்களுக்கு ரொக்கத்துக்குப் பதில் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு லட்சம் கோடிக்கு மேல். அன்று பங்க்கில் மிச்சம் பிடித்ததாக நினைத்ததற்கு வட்டியும் முதலுமாக 2026 வரைக்கும் தவணை. நீ கேஸ் விலையைப் பாதியாக்குவோம் என்றபோது எனக்கு அந்தப் பத்திரம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, நான் சொல்ல வந்தது பென்ஷன்.

கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றால்தான் வெளியூர்க்காரனுக்குத் தெரியும். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்திருப்பார்கள். அந்தப் பக்கத்து ஹவில்தார் ஒருவர் எனக்குப் பழக்கம். 1971 சண்டையைப் பார்த்தவர். போன நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க அவரை நான்தான் அழைத்துப் போனேன். விரல் ரேகை தேய்ந்துபோய் மெஷின் ஏற்கவில்லை. ஈரத்துணியில் துடைத்து, பேன்ட்டில் தேய்த்து, மறுபடி வைத்தார். நாலாவது தடவை பச்சை விளக்கு எரிந்ததும், "உயிரோடதான் இருக்கேன்னு மெஷினே சொல்லிடுச்சு" என்று சிரித்தார்.

அவர் வாங்குகிற 'ஒரே பதவி ஒரே பென்ஷன்', அதாவது எந்த வருஷம் ஓய்வு பெற்றாலும் ஒரே பதவிக்கும் ஒரே சர்வீஸுக்கும் ஒரே பென்ஷன் என்பது, பல வருஷப் போராட்டத்தில் வந்தது. 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில், தேர்தல் வாசலில், அதற்கு ஒதுக்கியது 500 கோடி. அடுத்து வந்த ஆட்சி ஜூலையில் 1,000 கோடி என்றது. 2015 செப்டம்பரில் திட்டத்தை அறிவித்தபோது, ஆண்டுக்கு 8,000 முதல் 10,000 கோடி வரை ஆகும் என்று அரசே சொன்னது. ஹவில்தாருக்கு அது சேர வேண்டிய காசு, அதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. ஆனால் 500 கோடி என்று எழுதியவருக்கு அது 500 கோடியில் முடியாது என்று தெரியாதா? கைத்தட்டிய நமக்கும் கேட்கத் தோன்றவில்லை.

2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி. அதில் பென்ஷன் மட்டும் 1.6 லட்சம் கோடி. விமானம், கப்பல், பீரங்கி எல்லாம் வாங்க வைத்தது 1.8 லட்சம் கோடி. அதாவது இரண்டும் கிட்டத்தட்டப் பக்கத்தில் பக்கத்தில். எந்த அரசு வந்தாலும் இந்தக் கணக்கு இடிக்கத்தான் செய்யும்.

இந்த நிலைமையில்தான் 2022 ஜூனில் அக்னிபத் வந்தது. நாலு வருஷ வேலை, முடிவில் 11.71 லட்சம் ரூபாய், நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர முடியும், மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. ஏன் என்றால், ராணுவத்தின் சராசரி வயது 32லிருந்து 26 ஆகும், இளமையாகும் என்றார்கள். 2024 ஜூலை 26 அன்று கார்கில் பக்கம் திராஸில் பிரதமரே, பென்ஷனை மிச்சம் பிடிக்கக் கொண்டுவந்த திட்டம் என்பதை மறுத்தார். இன்று சேருகிறவருக்குப் பென்ஷன் பிரச்சினை முப்பது வருஷம் கழித்துத்தானே வரும் என்பது அவர் வாதம். கம்மவான்பேட்டையில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நாற்பது வயதுக்குள் பென்ஷனோடு ஊர் திரும்பிய சிப்பாய்கள் தெருவுக்குப் பத்துப் பேர் அங்கே இருக்கிறார்கள்.

பணம் இல்லை, அதனால் உன் தாத்தாவுக்குக் கொடுத்ததை உனக்குக் கொடுக்க முடியவில்லை என்று நேராகச் சொல்லியிருந்தால் ஊர் திட்டியிருக்கும். ஆனால் அதற்கப்புறம் ஒரு பேச்சு நடந்திருக்கும். வேறு எதைக் குறைக்கலாம், யாரிடம் கூடுதல் வரி வாங்கலாம் என்று. அந்தப் பேச்சே நடக்கவில்லை, மாப்பிள்ளை. நீயும் மேடையில் அதைத் தொடங்கவில்லை. எடுப்போம் என்றாய், அடுத்த வரியிலேயே பழைய பென்ஷனுக்குத் தாவிவிட்டாய்.

பட்ஜெட்டோடு ஒரு வட்டப் படம் போடுவார்களே, ரூபாய் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று, அதைப் பார்த்திருப்பாய். 2025-26 படத்தில் உள்ளே வரும் ரூபாயில் 24 காசு கடன். வெளியே போவதில் 20 காசு பழைய கடனுக்கு வட்டி. மாநிலங்களுக்கு வரிப் பங்கு 22 காசு, ராணுவம் 8, மானியம் 6, பென்ஷன் 4. உன் மூன்று கைத்தட்டலும் இதில் எந்தக் காசிலிருந்து வரும் என்று மேடையில் ஒரு நிமிஷம் சொல். கடன் வாங்கித்தான் தருவோம் என்றாலும் சரி, அதையே சொல்.

சொன்னால் ஓட்டு போய்விடும் என்பாய். 2021 ஆகஸ்டில், தி.மு.க. ஆட்சிக்கு வந்த புதிதில், நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் அரசின் நிதி நிலைமையைப் பற்றி வெள்ளை அறிக்கை போட்டு, தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2.63 லட்சம் ரூபாய் அரசுக் கடன் இருக்கிறது என்றார். 2001ல் அ.தி.மு.க. ஆட்சியில் நிதியமைச்சர் பொன்னையனும் ஒரு வெள்ளை அறிக்கை போட்டார். இரண்டுமே முந்தைய ஆட்சியைக் குத்திக்காட்டத்தான், அது எனக்கும் தெரியும். ஆட்சிக்கு வந்த ஜோரில் போடுகிற வெள்ளை அறிக்கையை யாரும் போகும்போது போடுவதில்லை. ஆனாலும் அந்த 2.63 லட்சத்தை வைத்து டீக்கடையில் ஒரு வாரம் பேசினோம்.

அப்புறம், ஹவில்தாரின் பேரனுக்குப் பதினெட்டு ஆகிறது. விடியற்காலை பாலாற்று மணலில் ஓடுகிறான். தண்ணீர் இல்லாத ஆறு இந்த ஒரு விஷயத்துக்காவது உதவுகிறது. நீ பேசியதை அவன் போனில் எடுத்து வைத்திருக்கிறான். எடுப்பாங்களா மாமா, நான் இந்த வருஷமே சேரட்டுமா, காத்திருக்கட்டுமா என்று என்னைக் கேட்டான். நான் என்ன சொல்ல? ஞாயிற்றுக்கிழமை நீ வருவாய், நீயே சொல்வாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். காலை ஆறரைக்கெல்லாம் ஓட்டம் முடிந்துவிடும், அதற்குள் வா.

அன்புடன்,
உன் மாமா