மரபணு அறிக்கையை யாரோடு ஒப்பிட்டார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரபணுப் பரிசோதனை பற்றிய தங்கள் கட்டுரை, எந்த இரு மனிதரின் டி.என்.ஏ.வும் 99.9 விழுக்காடு ஒன்றே என்பதோடு நின்றுவிட்டது. மிஞ்சிய 0.1 விழுக்காடு சிறிதல்ல. டி.என்.ஏ.வின் 300 கோடி எழுத்துகளில் அது 30 லட்சம். நோய்க்கான காரணத்தை அங்கேதான் தேடுகிறோம்.

அந்த வேறுபாடு மிகுதியாக இருப்பது ஆப்பிரிக்காவில். அங்கிருந்து சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து போனவர்கள் மூதாதையரின் திரிபுகளில், அதாவது டி.என்.ஏ. எழுத்து மாற்றங்களில், ஒரு பங்கையே கொண்டுபோனார்கள். ஆகவே தொலைவு கூடக் கூட வேறுபாடு குறைகிறது. மருத்துவ ஆய்வுகளோ ஐரோப்பிய வழியினரையே பெரும்பாலும் ஆராய்ந்துள்ளன.

இதில் பிழை எப்படி நேர்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய் ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு வருவது. ஒரு திரிபு ஒரு மக்கள் குழுவில் 50 பேருக்கு ஒருவரிடம் இருந்தால், அது மட்டுமே இந்நோயை உண்டாக்கிவிடும் என்று சொல்ல முடியாது. சொன்னால் அக்குழுவில் நோய் பத்து மடங்கு இருந்தாக வேண்டும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தளத்தில் அந்தக் குழுவே இல்லையென்றால் திரிபு அரிதாகத் தோன்றும், அரிது என்பதாலேயே குற்றவாளியாகிவிடும். அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு இப்படியே தவறான முடிவுகள் தரப்பட்டதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒப்பீட்டுக் குழுவில் அவர்களில் சிலர் இருந்திருந்தாலே இந்தப் பிழையைத் தவிர்த்திருக்கலாம்.

எல்லோரையும் ஆராய்வதன் பயனும் எல்லோருக்கும்தான். பிசிஎஸ்கே9 மரபணுவைச் செயலிழக்கச் செய்யும் திரிபுகள் அமெரிக்கக் கறுப்பினத்தவரில் சுமார் 2.6 விழுக்காட்டினரிடம் இருந்தன. அத்திரிபு உள்ளவர்களுக்கு, இல்லாதவர்களைவிடக் கெட்ட கொழுப்பு 28 விழுக்காடும் இதயத் தமனி நோய் 88 விழுக்காடும் குறைவு. அந்த மரபணு உருவாக்கும் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் 2015இல் ஒப்புதல் பெற்றன.

அறிக்கை கைக்கு வந்ததும் மரபணு ஆலோசகரிடம் முதலில் கேட்க வேண்டியது: இந்தத் திரிபு என் வழியினரில் எத்தனை பேருக்கு ஒருவரிடம் உள்ளது? அடுத்து, மரபணு முழுவதையும் படித்தார்களா, குறிப்பிட்ட சில இடங்களை மட்டுமா? மார்பகப் புற்றுநோய்க்கான வீட்டுப் பரிசோதனை ஒன்று 2018இல் அனுமதி பெற்றபோது, அஷ்கெனாசி யூதர்களிடம் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்கள்) அதிகம் காணப்படும் 3 திரிபுகளை மட்டுமே பார்த்தது. அறியப்பட்டவையோ ஆயிரத்துக்கும் மேல். மற்றவர்களுக்கு அதில் ‘இல்லை’ என்று வந்தால் அநேகமாக எதுவும் சொல்லப்படவில்லை என்றே பொருள். ‘பொருள் உறுதியாகாத திரிபு’ (தீங்கானதா இல்லையா என்று இன்னும் தெரியாதது) என்றிருந்தால் அதை மட்டும் நம்பி அறுவை சிகிச்சைக்குப் போகக் கூடாது. சில ஆண்டுகள் கழித்து அதே அறிக்கையை மறுபடி வகைப்படுத்தித் தரும்படி ஆய்வகத்தைக் கேளுங்கள். அதற்குப் புதிதாக இரத்தம் எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.

இப்படிக்கு,
மரபியல் துறை வாசகர் ஒருவர்