ஒரே ஏலியன், இரண்டு தீர்ப்பு

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அவளிடம் சொல்லிவிடு.

இனி உன் கேள்வி. தள்ளுபடியில் ஏலியன் படங்களை ஒட்டி வந்த கணினி விளையாட்டுகள் இரண்டையும் வாங்கிப் போட்டுவிட்டு, எந்த விமர்சனத்தை நம்புவது என்று கேட்கிறாய். இரண்டையும் வெளியிட்டது ஒரே சேகா நிறுவனம். இடைவெளி இருபது மாதம்கூட இல்லை. ‘ஏலியன்ஸ்: காலனியல் மரீன்ஸ்’ 2013 பிப்ரவரியில் வந்தது, ‘ஏலியன்: ஐசொலேஷன்’ 2014 அக்டோபரில். முதலாவது ஜேம்ஸ் கேமரூனின் 1986 படத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது, இரண்டாவது ரிட்லி ஸ்காட்டின் 1979 படத்தை.

காலனியல் மரீன்ஸைப் பற்றி விமர்சகர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் சராசரி நூற்றுக்கு நாற்பதுகளில் நின்றது. ஐஜிஎன், கேம்ஸ்பாட் தளங்கள் ஆளுக்குப் பத்துக்கு 4.5 போட்டன. எலக்ட்ரானிக் கேமிங் மன்த்லி இதழ் மட்டும் 9 கொடுத்துத் தனியாக நின்றது. ஏலியன்கள் நேர்க்கோட்டில் ஓடி வந்து துப்பாக்கிக்கு முன்னால் விழுகின்றன; கூட வரும் வீரர்கள் ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் முளைக்கிறார்கள்; பாதி நேரம் ஏலியனை விட்டுவிட்டுக் கூலிப்படை மனிதர்களைச் சுட வேண்டியிருக்கிறது. அருகே அசைவதைக் காட்டும் மோஷன் டிராக்கர் கையில் இருந்தும் அதைப் பார்க்கத் தேவையே வரவில்லை, வருவதெல்லாம் எதிரில்தானே வருகிறது! மூன்றாம் படத்தில் செத்துப்போன ஹிக்ஸ் என்ற வீரனை எழுப்பிக் கொண்டுவந்தது ரசிகர்களுக்குத் தனி எரிச்சல்.

கோபத்துக்கு இன்னொரு காரணம், முன்கூட்டிக் காட்டிய டெமோவும் கடைக்கு வந்த சரக்கும் வேறு வேறாக இருந்தது. 2011 இ3 விளையாட்டுக் கண்காட்சியில், இதை உருவாக்கிய கியர்பாக்ஸ் காட்டியதில் இருந்த வெளிச்சமும் நிழலும் ஏலியன்களின் அசைவும் வட்டில் இல்லை. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்திடம் புகார் போன பிறகு, டிரெய்லர்கள் இறுதி விளையாட்டைக் காட்டவில்லை என்ற குறிப்பைச் சேர்க்க சேகா ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் வழக்கும் வந்தது. ஆகவே அந்த மதிப்பெண்ணில் ஏமாற்றமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. அதைக் கழித்துவிட்டாலும் பாஸ் மார்க் தேறாது என்பது என் கணக்கு.

கோப்பில் ஓர் எழுத்துப் பிழையால்தான் ஏலியன்கள் இப்படி மக்காக நடக்கின்றன என்கிறார்களே, உண்மையா என்று கேட்டாய். உண்மைதான். விளையாட்டுக் கோப்புகளை மாற்றியமைக்கும் ஒரு மாடர் கண்டுபிடித்தார், 2018இல் ஊரெல்லாம் பரவியது. அன்ரியல் 3 எஞ்சினில் ஓடும் விளையாட்டு இது. தோன்றும் ஒவ்வொரு ஏலியனையும் ஓர் எல்லைப் பகுதியோடு கட்டிவைக்க ‘டெதர்’ என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். எது தன் சண்டைக் களம், வெளியே போக வழி எங்கே, எப்போது உன் முதுகுப்பக்கப் பகுதிக்கு மாற வேண்டும் என்பதெல்லாம் ஏலியனுக்கு அதன் வழியாகத்தான் தெரிகிறது. அமைப்புக் கோப்பில் அந்தப் பெயருக்கு நடுவே ஓர் ஆங்கில ‘ஏ’ கூடுதலாக நுழைந்துவிட்டது. அந்தப் பெயரில் எதுவும் இல்லாததால் கட்டளை போய்ச் சேரவில்லை. ஏலியனும் தனக்குத் தெரிந்த ஒரே வேலையாக நேரே ஓடி வந்தது.

திருத்துவது சுலபம். விளையாட்டை மூடிவிட்டு டாக்குமென்ட்ஸில் மை கேம்ஸ், அதற்குள் ஏலியன்ஸ் காலனியல் மரீன்ஸ், பெக்கன்கேம், கான்ஃபிக் என்று வரிசையாகப் போ. பெக்கன்எஞ்சின் என்ற ஐஎன்ஐ கோப்பு இருக்கும். முதலில் அதற்கு ஒரு நகல் எடுத்துவை. பிறகு நோட்பேடில் திற. ‘கிளாஸ்ரீமேப்பிங்’ என்று தொடங்கும் வரிகள் பல உண்டு, கண்ணால் தேடாதே. டி, ஈ, ஏ, டி, எச் என்ற ஐந்து எழுத்தைத் தேடலில் கொடு. அம்புக்குறிக்கு வலப்பக்கம் இருக்கும் சொல்லில்தான் பிழை. இடப்பக்கத்தில் அதே சொல் சரியாகவே இருக்கும், அதைத் தொடாதே. அந்த ‘ஏ’வை மட்டும் அழித்துச் சேமி. கோப்பின் பெயருக்குப் பின்னால் நோட்பேட் டிஎக்ஸ்டி என்று ஒட்டிவிட்டால் விளையாட்டு அதைக் கண்டுகொள்ளாது, அதையும் ஒருமுறை பார்த்துக்கொள். இதெல்லாம் கணினிப் பதிப்புக்கு மட்டும். கன்சோலில் கோப்பைத் தொட வழியில்லை.

திருத்திய பிறகு ஏலியன்கள் பக்கவாட்டில் வரும், கலைந்து நிற்கும். வித்தியாசம் தெரியும். ஆனால் ஓர் எழுத்து ஒரு நல்ல விளையாட்டையே கெடுத்துவிட்டது என்று பேசுவதை நம்பாதே. கூலிப்படைச் சண்டைகளும் மொண்ணையான கதையும் அப்படியேதான் இருக்கின்றன. விமர்சகர்கள் தவறவிட்டது ஒன்றுமில்லை.

ஐசொலேஷன் கதை வேறு. இங்கேதான் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவாய். சராசரி எண்பதை ஒட்டி. பிசி கேமர் இதழ் நூற்றுக்கு 93; ஐஜிஎன் பத்துக்கு 5.9, கேம்ஸ்பாட் 6. ஒரே விளையாட்டுக்கு இவ்வளவு இடைவெளி ஏன்? குறைத்துப் போட்டவர்கள் சொன்னதைக் கூர்ந்து படி. நீளம் அதிகம், முடிந்தது என்று நினைக்கும்போதெல்லாம் நீள்கிறது, செத்தால் பழைய இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மூன்றும் உண்மை. மொத்தம் 18 மிஷன், சாதாரணமாக இருபது மணி நேரம் பிடிக்கும். சுவரில் உள்ள கருவியில் அட்டையைச் செருகி, மூன்று விளக்கும் எரியும்வரை காத்திருந்தால்தான் சேமிப்பு. காத்திருக்கும்போதே பின்னாலிருந்து அடி விழலாம். இத்தனையும் வைத்துக்கொண்டு, ‘ஹார்ட்’ என்ற கடின நிலையில் விளையாடுவதுதான் சரியான அனுபவம் என்று விளையாட்டே பரிந்துரைக்கிறது. கெடு வைத்து இரண்டு மூன்று நாளில் முடிப்பவருக்கு இது தண்டனை. இரவுக்கு ஒரு மணி நேரம் விளையாடுபவருக்கு இதுவேதான் சுவை. நீ இரண்டாவது வகை.

இதை உருவாக்கிய கிரியேட்டிவ் அசெம்பிளி செய்திருக்கும் வேலையைச் சொல்லாமல் விட முடியாது. ஏலியனுக்குப் பின்னால் இரண்டு மூளை ஓடுகிறது. ‘டைரக்டர்’ என்ற முதல் மூளைக்கு நீ இருக்குமிடம் எப்போதும் தெரியும். ஆனால் அது ஏலியனிடம் இந்தப் பக்கம் தேடு என்று மட்டும்தான் குறிப்புக் கொடுக்கும். தேடுவது, மோப்பம் பிடிப்பது, கண்டுபிடிப்பது இரண்டாவதின் பாடு. உனக்கு எவ்வளவு நெருக்கடி ஏறுகிறது என்பதற்கு ஓர் அளவுமானி உண்டு. அது நிரம்பினால் ஏலியன் காற்றுக்குழாய்க்குள் பின்வாங்கும். அந்த இடைவெளியில்தான் நீ நகர வேண்டும். லாக்கருக்குள்ளேயே குந்தியிருந்து, போரடிக்கிறது என்று எழுதியவர்கள் இதைத்தான் கோட்டைவிட்டார்கள் என்று நினைக்கிறேன். 1979 படக்குழுவின் மூல ஆவணங்கள் மூன்று டெராபைட் அளவுக்குப் பட நிறுவனமான ஃபாக்ஸிடமிருந்து கிடைத்தன. விளையாட்டுக்குள் உள்ள திரைகளில் ஓடும் காட்சிகளை விஎச்எஸ் டேப்பில் பதிந்து, பழைய டிவியில் ஓட்டி, அந்தச் சிதைவோடு திரும்பப் படம் பிடித்தார்கள். குறைத்துப் போட்டவர்கள்கூட, கதை நடக்கும் விண்வெளி நிலையத்தின் தோற்றத்தில் கை வைக்கவில்லை.

‘மீடியம்’ என்ற நடுத்தர நிலையில் தொடங்கு. ஓடாதே, குனிந்தே நட. ஏலியன் பக்கத்தில் இருக்கும்போது டிராக்கரைக் கையில் எடுக்காதே, அதன் பீப் ஒலி ஏலியனுக்கும் கேட்கும். லாக்கர் வாசலில் மோந்து பார்த்தால் பின்னால் சாய்ந்து மூச்சைப் பிடி. உடல்நிலை கொஞ்சம் குறையும், பரவாயில்லை. தீப்பீச்சியைக் குறுகக் குறுக அடி. போகப் போக ஏலியன் நெருப்புக்குப் பழகிவிடும், ஆரம்பத்திலேயே எரிபொருளைத் தீர்த்துவிடாதே. ஆயுதத்தோடு மனிதர் கூட்டம் எதிர்ப்பட்டால் ஒலிக்கருவி ஒன்றை அவர்கள் நடுவே எறிந்துவிட்டு ஒதுங்கு, மிச்ச வேலையை ஏலியன் பார்த்துக்கொள்ளும்.

விற்பனையில் இதற்கு 21 லட்சம் பிரதிகள்தான் 2015 மார்ச் வரை. சேகாவுக்கு அது போதவில்லை. இருந்தும் பத்தாம் ஆண்டு நிறைவில், 2024 அக்டோபரில், அடுத்த பாகம் தயாராகிறது என்று அறிவித்துவிட்டார்கள்.

மிஷன் 5இல் மருத்துவமனைப் பகுதி வரும். ஏலியன் உன்னை விடாமல் தேடுவது அங்கேதான் தொடங்குகிறது, பாதியில் மூடிவைத்தவர்கள் பலரும் அங்கேதான் மூடினார்கள். அதைத் தாண்டிவிட்டு ஒரு வரி எழுது.

அன்புடன்,
முகுந்தன்