ஐந்து நாளில் நான்கு கிலோ

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்ற, எதிராளியைப் பிடித்துத் தரையில் மடக்கும் தற்காப்புக் கலை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கிரிக்கெட் தவிர வேறு விளையாட்டும் உலகத்தில் உண்டு என்று நினைவு வைத்து இவ்வளவு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்தது, அவர் வழியாக அங்குள்ள கிரேசி குடும்பத்துக்கு இந்தக் கலை வந்தது, 1996இல் ரியோ டி ஜெனிரோவில் முதல் உலகப் போட்டி நடந்தது எல்லாவற்றையும் கட்டுரையாளர் சுவையாகச் சொல்லியிருக்கிறார். என் சண்டை அவரோடு இல்லை. அதே பக்கத்தின் ஓரத்தில் கட்டம் கட்டி, 'தாங்கிக் காட்டிய தம்பி' என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்களே, அதோடுதான்.

பதினாறு வயதுப் பையன். போட்டிக்கு முந்தைய ஐந்து நாளில் நான்கு கிலோ இறக்கினானாம். உப்பில்லாத கஞ்சி, வியர்வையை வெளியே விடாத உடையை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் ஓட்டம், கடைசி நாளில் தண்ணீருக்கும் தடை. முதல் ஆட்டத்திலேயே முழங்கை பூட்டில் சிக்கிய பிறகும் தட்டாமல், அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல், தாங்கினானாம். புள்ளியில் தோற்றாலும் அவனுடைய மன உறுதியைப் பாருங்கள் என்று முடித்திருக்கிறீர்கள். நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். இந்தக் கலையைக் கற்கிறவளும்கூட, நீல பெல்ட். போட்டி நாட்களில், ஆட்டம் நடக்கும் மெத்தை விரிப்பான மேட் ஓரமாக ஐஸ் பையோடு உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி. அந்தப் பெட்டிச் செய்தியைப் படித்தபோது எனக்கு மன உறுதி கண்ணில் படவில்லை. அவன் ஏன் தோற்றான் என்பதுதான் தெரிந்தது.

எடைப் பிரிவு எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி பெரியவர்களுக்கு, ஆண்கள் பிரிவில், 57.5, 64, 70, 76 கிலோ என்று எல்லைகள் மேலே போகின்றன. இதில் பலர் கவனிக்காத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, கீ எனப்படும் அந்தத் தடித்த பருத்தி உடையைப் போட்டுக்கொண்டுதான் தராசில் ஏற வேண்டும். உடையும் பெல்ட்டும் சேர்ந்து ஒன்றரை, இரண்டு கிலோ எளிதாக வந்துவிடும். இரண்டாவது, எடை பார்ப்பது முந்தைய நாள் இல்லை. முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்புதான். ஒரே ஒரு முறைதான் ஏற முடியும். நூறு கிராம் கூடினாலும் வெளியே போக வேண்டியதுதான். கட்டிய பணமும் திரும்பாது.

டிவியில் பார்க்கும் கூண்டுச் சண்டைகளில் முந்தைய நாளே எடை பார்ப்பார்கள். வற்றிப்போய்த் தராசில் ஏறியவர் இரவெல்லாம் குடித்துச் சாப்பிட்டு, மறுநாள் பல கிலோ கூடி வந்து நிற்பார். அது ஆபத்தான தந்திரம்தான். ஆனாலும் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. தராசிலிருந்து இறங்கி நேரே மேட்டுக்குப் போகிறவனுக்கு அந்தக் கணக்கும் இல்லை. எல்லா அமைப்பும் இப்படி நடத்துவதில்லை. முந்தைய நாளே எடை பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் உங்கள் பெட்டிச் செய்தியிலேயே 'எடை பார்த்த கையோடு களமிறங்கினான்' என்று இருக்கிறது.

தராசு மேசைப் பக்கம் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும். வரிசையில் நிற்கும்போதே காகிதக் கோப்பையில் எச்சில் துப்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகள். வெடித்த உதடு. பெயரைக் கூப்பிட்டால் ஒரு நொடி தாமதமாகத் திரும்பும் தலை. பின்னால் இளநீரைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா நிற்பார். எடை சரி என்று சொன்னதும் பையன் அதை மடமடவென்று குடிப்பான். சிறிது நேரத்தில் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். குடித்தது வயிற்றில் குலுங்கும். தசைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

முதலில் போவது பிடி. இந்த விளையாட்டில் காலரையும் கைச்சட்டையையும் பிடிக்கிற பிடிதான் எல்லாம். நீர் வற்றிய உடம்பில் முன்கைத் தசை சீக்கிரம் கல்லாக இறுகிவிடும். அந்த வயதுக்கு ஆட்டம் ஐந்து நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் விரல் தானாக விடுபடுவதை அவனே பார்த்துக்கொண்டிருப்பான். எதிராளி காலைத் தாண்டிப் பக்கவாட்டுக்கு வந்தால் மூன்று புள்ளி, அங்கிருந்து மேலே ஏறி உட்கார்ந்தால் நான்கு. ஆட்டம் முடிந்து என்னிடம் வருகிற பிள்ளைகளின் விரல்களை ஒவ்வொன்றாக நான் பிரித்துவிட வேண்டியிருந்திருக்கிறது.

இதைவிடப் பெரிய கணக்கும் இருக்கிறது. 1997இல் அமெரிக்காவில் சில வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கும்போதே இறந்துபோனார்கள். ரப்பர் உடையில் பயிற்சி, சூடான அறை, தண்ணீர் மறுப்பு. உங்கள் பெட்டிச் செய்தியில் உள்ள அதே சமையல் குறிப்பு. அதன் பிறகுதான் அங்கே ரப்பர் உடையும் நீராவி அறையும் தடை செய்யப்பட்டன, எடை பார்க்கும் நேரமும் ஆட்டத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவரப்பட்டது. பெண் பிள்ளைகள் இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் மாதவிலக்கே தவறிப்போகலாம். அதைக் கேட்கக் கூச்சப்படுகிற பயிற்சியாளர்கள் எடையை மட்டும் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள்.

இனி அந்த முழங்கை. ஆர்ம்பார் என்ற பூட்டில் எதிராளி உங்கள் கையைத் தன் தொடைகளுக்கு நடுவே இறுக்கி, இடுப்பை உயர்த்தி, முழங்கையை அது மடங்காத திசையில் வளைக்கிறார். வலி வருவதற்கும் தசைநார் கிழிவதற்கும் இடையே இருக்கும் இடைவெளி மிகக் குறைவு. சூடேறிய உடம்பில் வலி தாமதமாகத்தான் தெரியும். அதனால்தான் தட்டுவதை விதிகள் இவ்வளவு எளிதாக வைத்திருக்கின்றன. எதிராளி மேல் தட்டலாம், மேட்டில் தட்டலாம், கை சிக்கியிருந்தால் காலால் தட்டலாம், வாயால் சொல்லலாம். வலியில் அலறினாலே தட்டியதாகக் கணக்கு. ஆட்டம் அதோடு முடிந்தது. முழுக் கையோடு வீட்டுக்குப் போகலாம், திங்கட்கிழமை வகுப்புக்கு வரலாம். தட்டாதவர்கள் என்னிடம் வருகிறார்கள். பல் துலக்கும்போது கை மடங்கவில்லை என்பார்கள், மாதக்கணக்கில்.

கிரேசி குடும்பத்தின் எலியோ கிரேசி தோற்றதே இல்லை என்றும் அந்தப் பெட்டியில் ஒரு வரி இருக்கிறது. 1951இல் ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஜப்பானின் மசாஹிகோ கிமுராவிடம் தோற்றார். கை முறுக்கப்பட்டும் அவர் தட்டவில்லை என்பது உண்மைதான். அவருடைய தரப்பே ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது. அந்தப் பூட்டுக்கு இன்றும் கிமுரா என்றுதான் பெயர். அவர் தட்டாததை வீரக் கதையாகச் சொல்கிறவர்கள், பக்கத்தில் நின்று நிறுத்தச் சொன்னவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் தம்பியின் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை போலிருக்கிறது. பயிற்சியாளர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

சிறிய உடம்புக்காரன் பெரிய உடம்புக்காரனைச் சமாளிப்பது எப்படி என்பதுதான் இந்தக் கலையின் பெருமை. பல போட்டிகளில் எடை வித்தியாசம் பார்க்காத திறந்த பிரிவே தனியாக இருக்கிறது. அதைக் கற்கிறவன் ஐந்து கிலோ கூடிய எதிராளிக்குப் பயந்து பட்டினி கிடப்பதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. கீயைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்ட வயிற்றோடு, என்ன எடை காட்டுகிறதோ அதற்குரிய பிரிவில் பெயர் கொடுப்பது நல்லது. குறைத்தே தீர வேண்டும் என்றால் இரண்டு மாதம் முன்பே ஆரம்பித்து, வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் போகாமல், உணவு தெரிந்த ஒருவரைக் கேட்டுச் செய்யட்டும். சோற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமலேயே அது முடியும். மிச்ச நேரத்தில் அவன் எதில் தோற்கிறானோ அதிலிருந்தே ஆட்டத்தை ஆரம்பித்துப் பழக வேண்டும்: எதிராளி மேலே உட்கார்ந்திருக்கிறான், மூன்று நிமிடம், வெளியே வா. வெளியே வந்ததும் மறுபடி அதே நிலை. சலிப்பான வேலைதான், படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்காது. ஆனால் போட்டியில் கை கொடுப்பது இதுதான். நகத்தை வெட்டுவதும் கீயை ஒவ்வொரு நாளும் துவைப்பதும் இதோடு சேர்த்தி. படர்தாமரையோடு வருகிறவனை எடை சரியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்தப் பையன் அடுத்த போட்டிக்கும் இதே எடைப் பிரிவில் பதிவு செய்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பதிவு முடியும் நாள்வரை பிரிவை மாற்றிக்கொள்ளப் பெரும்பாலான அமைப்பாளர்கள் அனுமதிக்கிறார்கள். அவன் வீட்டுத் தொலைபேசி எண் உங்கள் நிருபரிடம் இருக்கும். இந்தக் கடிதத்தை வெளியிடாவிட்டாலும் பரவாயில்லை, அவனுடைய அம்மாவிடம் இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடச் சொல்லுங்கள். முழங்கையை யாரிடமாவது காட்டினானா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்