உடைப்பை அடைத்துத் தந்த ஊராருக்கு நன்றி

எங்கள் மேலக்குளத்துக் கரை உடைந்த இரவில் ஓடி வந்த சொந்தபந்தங்களுக்கும் ஊராருக்கும் வணக்கம்.

தேவகோட்டைப் பக்கத்துச் செம்புரான் என்கிற செஞ்சரளைப் பூமி எப்படிப்பட்டதென்று உங்களுக்குத் தெரியும். மேட்டுச் சரளையில் விழுகிற மழை கீழே இறங்காது, ஓடத்தான் பார்க்கும். ஐப்பசி அடைமழையிலேயே நிறைந்துவிட்ட குளம் அன்றைய கொட்டலைத் தாங்கவில்லை. நெல் வயல், மாட்டுக் கொட்டகை, கிணறு எல்லாவற்றின் மேலும் தண்ணீர் ஏறிப் பாய்ந்தது.

முதல் நன்றி நீர்பாய்ச்சி ஐயாவுக்கு. எல்லாரும் மணல் மூட்டையோடு உடைப்பை நோக்கி ஓடியபோது, "உடைஞ்சது உடைஞ்சு போச்சு, கீழக்குளத்தைப் பாருங்கப்பா" என்று தடுத்து நிறுத்தியவர் அவர்தான். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற கீழக்குளத்துக் கலுங்கில் சீமைக்கருவேல் முள்ளும் உரச் சாக்கும் அடைத்துக் கிடந்தன. இடுப்பளவு தண்ணீரில் காலால் தடவித் தடவி அவர் இடத்தைக் காட்ட, தம்பிகள் துறட்டி போட்டு இழுத்தார்கள். மிச்சத் தண்ணீர் மறுகாலாகப் பாய்ந்து வெளியேறியது, கீழக்கரை நின்றது. அதுவும் போயிருந்தால் அடுத்த ஊர் நடவு அத்தனையும் மண்ணுக்குள் போயிருக்கும்.

தண்ணீர் வடிந்ததும் கரை வேலையையும் அவரே முன்னின்று பார்த்தார். உடைந்த ஓரங்களைப் படிப்படியாக வெட்டச் சொன்னார், அப்போதுதான் பழைய மண்ணும் புது மண்ணும் கவ்வுமாம். களிமண்ணை நீர்ப்பக்கம் வைத்து, அரையடிக்கு ஒரு தரம் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கித்தான் மேலே ஏற்ற விட்டார். ஜேசிபி ஓட்டிய அண்ணன் டீசல் காசுக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டார்.

மீன் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. குளத்திலிருந்து வெளியேறி வயலெல்லாம் கட்லாவும் ரோகுவும் துள்ளிக்கொண்டிருந்தன. வயலில் ஏறிய மீன் பிடித்தவனுக்கு என்பதுதான் வழக்கம்; யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மீன் பிடிக்கும் ஊத்தாக் கூடையோடு இறங்கிய பிள்ளைகள், பிடித்ததை உயிரோடு அண்டாத் தண்ணீரில் போட்டுத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கீழக்குளத்தில் விட்டார்கள். அதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

நனைந்த வைக்கோலைக் கொடுக்க வேண்டாமென்று சொல்லி, மாடுகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய்க்கு ஊசியும் போட்டுப்போன கால்நடை மருத்துவர், கிணற்றை இறைத்துப் பிளீச்சிங் பவுடர் கலக்கும் வரை கூடவே இருந்த கிராமச் செவிலியர், நனைந்த மோட்டாரைக் காயவைக்காமல் போடக் கூடாதென்று பீஸைக் கழற்றிக் கையில் கொடுத்த லைன்மேன் தம்பி, சேதம் 33 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் நிவாரணம் என்று விளக்கி வயல் வயலாக நடந்து எழுதிப்போன கிராம நிர்வாக அலுவலர், எல்லாருக்கும் கைகூப்பிய நன்றி. கொட்டகைச் சேற்றை அள்ளிய அக்காமார்களுக்கும், அத்தனை பேருக்கும் கஞ்சியும் துவையலும் அனுப்பிய எதிர்வீட்டு ஆச்சிக்கும் இந்தக் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

உங்கள் மண்வெட்டி, தார்ப்பாய், அண்டாக்கள் எல்லாம் கழுவி எங்கள் முகப்பில் வைத்திருக்கிறோம். யாருடையது எது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.