தெற்குக் கலிஃபோர்னியாவில் நாங்களும் இருக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாஸ் ஏஞ்சல்ஸ் பேஸ்பால் அணி டாட்ஜர்ஸ் மறுபடியும் வேர்ல்ட் சீரிஸ் கோப்பையை ஜெயித்ததைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையில் "தெற்குக் கலிஃபோர்னியாவே கொண்டாடியது" என்று ஒரு வரி. சான் டியேகோ எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. டொரன்டோவில் ஏழாவது ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸ் வரை இழுத்து முடிந்த அந்த ராத்திரி எங்கள் தெருவில் ஒரு பட்டாசு வெடிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டு வந்து குப்பைத் தொட்டியை வெளியே வைத்தார், அவ்வளவுதான். டொரன்டோவின் ஸ்கார்பரோவிலிருந்து மச்சான், தன் ஊர் அணி தோற்றதில், போனில் அழாத குறையாகப் பேசினார். நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன், எங்களுக்குத்தான் பழக்கமாயிற்றே.

பொறாமையா என்றால் ஆமாம், பொறாமைதான். 2020, 2024, 2025 என்று ஆறு வருடத்தில் மூன்று கோப்பை அவர்களுக்கு. 1969-இல் தொடங்கிய எங்கள் ஊர் அணி பாட்ரேஸுக்கு இன்றுவரை ஒன்றுகூட இல்லை. டோனி க்வின் இருபது சீசனும் இந்த ஊருக்கே ஆடி 3,141 ஹிட் அடித்தும் கோப்பை ஜெயித்தவர்கள் போடும் மோதிரம் ஒன்றுகூடப் போடாமலே கண்ணை மூடினார். 2024 ப்ளே-ஆஃபில் டாட்ஜர்ஸோடு ஆட்டக் கணக்கில் 2-1 என்று முன்னால் இருந்தோம், அப்புறம் கடைசி 24 இன்னிங்ஸில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. அதை நேரில் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

சரி, தோற்பது விளையாட்டில் உண்டு. இந்த ஊரிலிருந்து 1984-இல் கூடைப்பந்து அணி கிளிப்பர்ஸை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோனது யார்? 2017-இல் அமெரிக்கன் ஃபுட்பால் அணி சார்ஜர்ஸை? (சார்ஜர்ஸ் முதலில் லாஸ் ஏஞ்சல்ஸில்தானே இருந்தது என்று உடனே ஒரு வாசகர் எழுதுவார். இருந்தது, 1960 ஒரே ஒரு சீசன். இங்கே 56 சீசன்.) ஜப்பானிய பேஸ்பால் நட்சத்திரம் ஓடானிக்கு 700 மில்லியன் டாலர் பேசி, அதில் 680 மில்லியனைப் பின்னால் தருகிறோம் என்று கடன் சொல்லிக் கூட்டிப்போனார்கள், அதற்கும் பாராட்டு. இன்னொரு ஜப்பானியர், பந்து வீசும் ரோக்கி சசாகி எங்கள் பக்கம் வருவார் என்று நம்பி உட்கார்ந்திருந்தோம், அவரும் அங்கேதான் போனார். எங்கள் மைதானம் பெட்கோ பார்க்கில் டாட்ஜர்ஸ் ஆட வந்தால் எங்கு திரும்பினாலும் நீலச் சட்டை. ஐ-5 வழியாக இரண்டு மணி நேரம் ஓட்டி வந்து என் முன் வரிசையில் உட்கார்ந்த ஒருவர், ஆட்டம் முடியும் முன்பே என்னிடம் திரும்பி, "உங்க ஊர்ல ஃபிஷ் டாக்கோ எங்க நல்லா இருக்கும்?" என்று கேட்டார். வழியும் சொன்னேன், என்ன செய்வது, வளர்ப்பு அப்படி.

2022-இல் 111 ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்த அதே டாட்ஜர்ஸை நாங்கள் 3-1 என்று வீட்டுக்கு அனுப்பினோமே, அப்போது உங்கள் பத்திரிகையில் தேடிப் பார்த்தேன். எலுமிச்சை ஊறுகாய் செய்முறை நன்றாக இருந்தது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் "தெற்குக் கலிஃபோர்னியா" என்பதை "லாஸ் ஏஞ்சல்ஸ்" என்று திருத்தி ஒரு வரி போடுங்கள், சின்ன எழுத்தில் போட்டாலும் போதும். சந்தா புதுப்பிக்கச் சொல்லி உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது. மேஜை மேல்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பாட்ரேஸ் ரசிகன்,
சான் டியேகோ